இரசிகர் புனைகதை: புறத்தார் தீட்டிய சித்திரமும் வாசகர் அளித்த மறுமொழியும்

இலக்கிய வரலாறு எழுதப்படும்பொழுது ஆசிரியனும் நூலும் முதன்மை பெறுவதும் வாசகன் ஒருபுறம் ஒதுங்கி நிற்பதும் வழக்கமாகும். நூலை எழுதியவர், அச்சிட்டவர், விமர்சித்தவர் ஆகியோர் பற்றிக் கிடைக்கும் அளவுக்கு அதனை வாசித்தவர் பற்றிய சான்றுகள் கிடைப்பதில்லை. கிடைப்பனவும் பெரும்பாலும் வாசகர் தாமே விட்டுச்சென்றவை அல்ல. வாசகரைப் புறத்தே நின்று நோக்கியவர்கள் எழுதிவைத்தவை. ஆகவே ஒரு வாசகர் கூட்டத்தைப் பற்றிப் பிறர் எழுதியவற்றுக்கும் அக்கூட்டம் தன்னைப் பற்றித் தானே கூறியவற்றுக்கும் இடையே உள்ள இடைவெளி வரலாற்று மாணவரின் கவனத்துக்கு உரியதாகின்றது.

இவ்விடைவெளியைத் தெளிவாகக் காண்பதற்கு ஆங்கில மொழியுலகில் வளர்ந்த இரசிகர் புனைகதை தக்க எடுத்துக்காட்டாகும். ஒருவர் படைத்த கதையுலகினையும் கதைமாந்தரையும் எடுத்துக்கொண்டு, அவற்றின்பால் ஈடுபாடு கொண்ட வாசகரோ பார்வையாளரோ ஊதியங் கருதாது எழுதித் தம்மையொத்தவரிடையே பகிர்ந்துகொள்ளும் கதைகளே இரசிகர் புனைகதை எனப்படுகின்றன. இக்கதைகளை வாசிப்போர் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் ஆய்வேடுகளிலும் எவ்வாறு சித்திரிக்கப்பட்டனர், அச்சித்திரத்துக்கு அவர்கள் எவ்வாறு மறுமொழி கூறினர் என்பதை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

பழைய சித்திரம்

கதைகளில் மிகையாக ஈடுபட்ட வாசகன் நகைப்புக்கு உரியவனாகக் காட்டப்படுவது இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய புதுமையன்று. 1605 இல் ஸ்பானிய மொழியில் வெளிவந்த செர்வாண்டிஸின் டொன் கிஹோட்டே, வீரகாதைகளை இடைவிடாது வாசித்து அறிவு திரிந்த ஒருவனின் கதையாகும். கற்பனைக்கும் உண்மைக்கும் வேறுபாடு காணமாட்டாத வாசகன் என்ற உருவம் ஐரோப்பிய இலக்கியத்தில் நிலைபெறுவதற்கு அந்நூலே பெருங் காரணமாயிற்று. அதே நூலுக்கு வேறொருவர் 1614 இல் அவெய்யனேடா என்ற புனைபெயரில் ஆசிரியரின் இசைவின்றித் தொடர்ச்சி எழுதினார். செர்வாண்டிஸ் 1615 இல் வெளியிட்ட தமது இரண்டாம் பாகத்தில் அப்போலித் தொடர்ச்சியை எள்ளிநகையாடினார். ஆக, பித்துக்கொண்ட வாசகன் பற்றிய சித்திரமும், பிறர் கதையைத் தொடர்ந்து எழுதுவோர்மீது மூலாசிரியர் கொள்ளும் சினமும் ஒரே நூலைச் சூழ்ந்து வெளிப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே நாவல் வாசிப்புப் பரவியபொழுது இச்சித்திரம் பெண்ணுருவம் பெற்றது. 1752 இல் ஷார்லட் லெனொக்ஸ் எழுதிய நாவல், காதற் காவியங்களை மெய்யென நம்பிய ஓர் இளம்பெண்ணைப் பெண் கிஹோட்டேயாகவே படைத்துக் காட்டிற்று. நாவல் வாசிக்கும் பெண் வீட்டுக்கடமை மறந்தவள், மிகையுணர்ச்சிக்கு ஆட்பட்டவள் என்ற கருத்து அந்நூற்றாண்டின் இறுதியில் அறிவுரையாளர் பலரின் எழுத்திலே இடம்பெற்றது. ஜேன் ஒஸ்டின் மறைந்தபின் 1817 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான நோர்த்தாங்கர் அபேயில், நாவலாசிரியர்களே நாவல் வாசிப்பை இழித்துரைக்கும் போலித்தனத்தைக் கண்டித்து அவர் எழுதியுள்ள பகுதி, இவ்விழிப்புரைக்கு உள்ளிருந்து எழுந்த தொடக்ககால மறுமொழிகளில் ஒன்று எனலாம்.

ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகளின் வரலாறு வேறொரு வகையில் பயனுடையது. 1893 டிசம்பரில் ஸ்ட்ரான்ட் சஞ்சிகையில் ஆதர் கோனன் டொயில் தம் துப்பறிவாளரை மரணமடையச் செய்தார். வாசகர் சினங்கொண்டு கடிதம் எழுதியதும் சந்தாவை நிறுத்தியதும் உண்மை. ஆயின் லண்டன் இளைஞர்கள் கறுப்புப் பட்டி அணிந்து துக்கங் காத்தனர் என்று இன்றுவரை திரும்பத் திரும்பக் கூறப்படும் செய்திக்கு அக்காலப் பத்திரிகைகளிலிருந்து தெளிவான சான்று காட்டப்பட்டதில்லை. சான்று இல்லாதபோதும் அச்செய்தி நிலைத்து நிற்பதற்குக் காரணம் யாது? இரசிகர் அவ்வாறுதான் நடந்திருப்பர் என்ற எதிர்பார்ப்பே அதனை மெய்போல ஆக்கியது. புறத்தார் தீட்டும் சித்திரம் சான்றின் துணையின்றியே வாழவல்லது என்பதற்கு இஃது ஓர் உதாரணமாகும்.

எனினும் ஹோம்ஸ் இரசிகர் எல்லோரும் ஏளனத்துக்கு ஆளாகவில்லை. 1911 இல் ரொனால்ட் நொக்ஸ் என்ற அறிஞர் ஒக்ஸ்போர்டிலே ஹோம்ஸ் கதைகளை வேதநூலாய்வு முறையில் ஆராய்வதுபோல ஒரு நகைச்சுவைக் கட்டுரை வாசித்தார். 1934 இல் நியூயோர்க்கிலே கிறிஸ்டொபர் மோர்லி முதலியோர் ஹோம்ஸ் அன்பர் கழகம் ஒன்றை நிறுவினர். ஹோம்ஸ் உண்மையில் வாழ்ந்தவர் என்ற பாவனையில் அவர்கள் கட்டுரைகள் எழுதினர். கற்பனையை மெய்போலப் பேணிய இச்செயலைப் பித்து என்று எவரும் கூறவில்லை. கற்றோரின் பொழுதுபோக்கு என்றே கொண்டனர். அக்கழகம் 1991 வரை பெண்களைப் பொதுவாக உறுப்பினராக ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகும்: செயல் ஒன்றேயாயினும், அதனைச் செய்பவர் யார் என்பதைப் பொறுத்தே அதற்கு மதிப்போ ஏளனமோ வந்துசேர்ந்தது.

சிற்றிதழ்க் காலம்

இரசிகர் புனைகதை என்ற தொடர் முதலில் வேறு பொருளில் வழங்கியது. 1944 இல் ஜாக் ஸ்பீர் தொகுத்த, அறிவியற் புனைகதை இரசிகரின் வழக்குச் சொற்கோவையிலே, இரசிகர்களைக் கதைமாந்தராகக் கொண்ட கதை என்றே அத்தொடர் விளக்கப்பட்டது. பிறர் படைத்த மாந்தரைக்கொண்டு எழுதும் கதை என்ற இன்றைய பொருள் வலுப்பெறுவதற்கு ஐக்கிய அமெரிக்காவில் 1966 செப்டெம்பர் 8 ஆந் திகதி என்.பி.சி. தொலைக்காட்சியில் ஆரம்பமான ஸ்டார் ட்ரெக் தொடரே களம் அமைத்தது.

அத்தொடருக்கெனத் தோன்றிய முதலாவது இரசிகர் சிற்றிதழாகக் கருதப்படும் ஸ்பொக்கனேலியா 1967 இல் வெளிவந்தது. டெவ்ரா லாங்ஸம், ஷேர்னா கொமர்போர்ட் என்னும் இரு பெண்கள் அதன் ஆசிரியர். அக்காலச் சிற்றிதழ்கள் தட்டச்சுத் தாளில் வெட்டி, றோணியோ இயந்திரத்தில் பிரதியெடுத்து, வீட்டு மேசையிலேயே அடுக்கித் தைக்கப்பட்டன. அச்சுச் செலவையும் தபாற் செலவையும் ஈடுசெய்யும் அளவுக்கே விலை வைக்கப்பட்டது. வாசகர் எழுதும் நீண்ட விமர்சனக் கடிதங்களே எழுதியவர் பெறும் ஊதியமாக அமைந்தன. இன்று கடிதம் எழுதிய வாசகி அடுத்த இதழில் கதை எழுதினாள். கதை எழுதியவள் மற்றோர் இதழுக்கு வாசகியானாள். வாசிப்பவர், எழுதுபவர் என்ற பிரிவு இங்கே உறுதியான எல்லையாக இருக்கவில்லை.

வீட்டு ஒளிப்பதிவுக் கருவி பரவாத அக்காலத்தில், தொடரின் ஒரு காட்சியை மீளக் காண்பதற்கு மறு ஒளிபரப்பைக் காத்திருக்க வேண்டியிருந்தது. நினைவையும் ஒலிநாடாவையும் குறிப்பேட்டையும் துணைக்கொண்டே வாசகர் அக்கதையுலகை நுணுகி அறிந்தனர். தொலைக்காட்சித் தொடர் ஒரு மணி நேரத்துள் முடிக்கவேண்டிய சம்பவங்களுக்கு முதன்மை தந்தது. சிற்றிதழ்க் கதைகளோ அச்சம்பவங்களின் பின் மாந்தரின் மனத்தில் நிகழ்வன யாவை என்று வினாவின. வல்கன் இனத்தவரின் குடும்ப வாழ்வு, நண்பர் இருவரின் பிணைப்பு, கப்பலிற் பணிபுரியும் பெண்களின் நிலை ஆகியன அவற்றின் பொருளாயின. ஜாக்குலின் லிச்சன்பேர்க் தொடக்கிய கிரைத் என்னும் கதைவரிசையில் வேறு பலரும் பங்குகொண்டு எழுதினர். தொடர் காட்டாது விட்டவற்றைக் காண விரும்பியதே இவ்வாசிப்பின் அடிப்படை எனலாம்.

1967-68 இல் தொடர் நிறுத்தப்படவிருந்தபோது பியோ ட்ரிம்பிளும் அவர் கணவர் ஜோனும் முன்னின்று நடத்திய கடித இயக்கத்தின் விளைவாக ஏறத்தாழ 116,000 கடிதங்கள் என்.பி.சி. நிறுவனத்தைச் சென்றடைந்தன. 1968 மார்ச்சில் தொடர் நீடிக்கும் என ஒளிபரப்பிலேயே அறிவிக்கப்பட்டது. 79 பகுதிகளுடன் 1969 இல் அது முடிவுற்றபின்னரும் இரசிகர் கூட்டம் கலையவில்லை. 1972 ஜனவரியில் நியூயோர்க்கிலே நடந்த மாநாட்டுக்குச் சில நூறு பேரை எதிர்பார்த்த அமைப்பாளர்கள் ஆயிரக்கணக்கானோரைக் கண்டனர். பத்திரிகையாளர் கண்ணில் இக்கூட்டம் பட்டதும் ஏறக்குறைய இக்காலத்திலேயாம். கூர்ங்காதும் சீருடையும் அணிந்தோரின் புகைப்படங்கள் செய்திக்கு ஏற்றனவாக இருந்தன. மண்டபத்தின் ஒரு மூலையில் மேசைமேல் அடுக்கியிருந்த சிற்றிதழ்கள் புகைப்படத்துக்கு ஏற்றனவாக இருக்கவில்லை.

இக்கூட்டத்தினர் தம்மைத் தாமே விமர்சித்துக்கொண்டமையையும் இங்கு கருதுதல் வேண்டும். 1973 இல் போலா ஸ்மித் என்பவர் மெனாஜரி என்னுஞ் சிற்றிதழில் மிகச் சுருக்கமான ஒரு நையாண்டிக் கதை வெளியிட்டார். பதினைந்தரை வயதில் உயர்பதவி பெற்று, எல்லோர் மனத்தையுங் கவர்ந்து, கப்பலையுங் காத்து, யாவரும் அழ இறந்துபோகும் மேரி சூ என்பவள் அதன் தலைவி. எழுதுபவர் தம் ஆசைகளையெல்லாம் ஒரு பாத்திரத்தின்மேல் ஏற்றும் குறையையே அக்கதை சுட்டிற்று. இந்நகைப்பு உள்ளிருந்து பிறந்தது. கதைகள் மேலும் சிறப்புற வேண்டும் என்ற அக்கறையுடையது. புறத்தாரின் நகைப்போ இக்கதைகளை வாசியாமலே எழுந்தது. பிற்காலத்தில் மேரி சூ என்ற பெயர் புறத்தார் கையில் அகப்பட்டு, திரைப்படங்களிலும் நாவல்களிலும் ஆற்றலுள்ள பெண்பாத்திரங்களையெல்லாம் இகழும் வசையாக மாறியது. உள்வீட்டு விமர்சனம் வெளியே சென்றதும் எவ்வாறு பொருள் திரிகின்றது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று தேவையில்லை.

1986: ஒளிபெற்ற ஏளனம்

ஸ்டார் ட்ரெக்கின் இருபதாவது ஆண்டாகிய 1986 இல் புறத்தார் சித்திரம் உச்சநிலை அடைந்தது. அவ்வாண்டு டிசம்பர் 20 ஆந் திகதி சற்றர்டே நைட் லைவ் என்னும் நகைச்சுவை நிகழ்ச்சியில், தொடரின் கதாநாயகராக நடித்த வில்லியம் ஷற்னரே தோன்றி, மாநாட்டுக்கு வந்த இரசிகர்களை நோக்கி உருப்படியான வாழ்க்கை ஒன்றைத் தேடிக்கொள்ளுமாறு கடிந்துரைப்பதாக ஒரு நாடகக் காட்சி இடம்பெற்றது. டிசம்பர் 22 ஆந் திகதியிட்ட நியூஸ்வீக் இதழும் இரசிகரை விசித்திரப் பிறவிகளாகக் காட்டும் கட்டுரை ஒன்றைத் தாங்கிவந்தது.

மாசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றிய ஹென்றி ஜென்கின்ஸ் 1992 இல் வெளியிட்ட நூலின் தொடக்கத்தில் அந்நாடகக் காட்சியைப் பகுத்து, அதிலிருந்து இரசிகர் பற்றிய ஏழு கருத்துகளைப் பிரித்தெடுத்தார். சிந்தனையின்றி எதனையும் வாங்குவோர், பயனற்ற தகவல்களைச் சேர்ப்போர், மதிப்பற்ற பொருளுக்கு மதிப்புத் தருவோர், சமூகத்தோடு ஒட்டாதோர், ஆண்மை குன்றியோர் அல்லது பாலுணர்வற்றோர், மனவளர்ச்சி முதிராதோர், கற்பனையையும் உண்மையையும் பிரித்தறிய மாட்டாதோர் என்பன அவை. இவ்வேழாவது கருத்து 1605 இன் கிஹோட்டேயை நினைவூட்டுகின்றது. முந்நூற்று எண்பது ஆண்டுகள் கழிந்தும் ஏளனத்தின் வாய்பாடு மாறவில்லை.

ஆயின் இச்சித்திரத்தில் ஒரு முரண்பாடு உண்டு. நாடகக் காட்சியில் எள்ளப்பட்டோர் பெண்துணை காணாத ஆண்கள். உண்மையில் புனைகதைச் சிற்றிதழ்களை எழுதியோரும் வாசித்தோரும் பெரும்பான்மையும் பெண்கள். அவர்களுள் ஆசிரியைகளும் நூலகர்களும் தாதியரும் இல்லத்தரசிகளும் இருந்தனர். ஆண் மாந்தர் இருவரிடையே காதலைக் கற்பித்து அவர்கள் எழுதிய கதைகள், பெயர்களைப் பிரிக்கும் சாய்கோட்டினால் ஸ்லாஷ் எனப்பட்டன. இவை செய்திக்கு வந்தபோதோ வாசகியர் அளவிறந்த காமமுடையோர் எனப்பட்டனர். ஒரே கூட்டம் ஒரு பக்கத்தில் பாலுணர்வற்றதாகவும் மறு பக்கத்தில் அது மிக்கதாகவும் காட்டப்பட்டமை, அச்சித்திரங்கள் கூட்டத்தை நோக்கித் தீட்டப்பட்டவை அல்ல என்பதையே உணர்த்தும். இழிவு எத்திசையில் எளிதாக வருமோ அத்திசையில் அவை சென்றன.

இதற்கு வாசகர் அளித்த மறுமொழிகளை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது மறைந்துகொள்ளல். புனைபெயரில் எழுதுவதும், வயதுச் சான்றுரை பெற்ற பின்னரே சிலவகை இதழ்களை அனுப்புவதும், அறிமுகமானவர் வழியாகவே புதியவரைச் சேர்ப்பதும் வழக்கமாயின. தொழிலுக்கும் குடும்பத்துக்கும் கேடு நேரலாம் என்ற அச்சம் இதற்குக் காரணம். இரண்டாவது தம்முள் ஒரு சாராரை விலக்கல். ட்ரெக்கி என்ற பெயர் ஏளனப் பெயராயிற்று என்று கருதியோர் தம்மை ட்ரெக்கர் என அழைத்துக்கொண்டு, பைத்தியக்காரர் வேறு, பண்பட்ட இரசிகராகிய தாங்கள் வேறு என வாதிட்டனர். மூன்றாவது முன்னோரைக் காட்டல். ஹோமரின் மாந்தரை வேர்ஜில் எடுத்தாண்டார், பழைய கதைகளை ஷேக்ஸ்பியர் எடுத்தாண்டார், ஆகவே இதுவும் இலக்கியமே என்பது அவ்வாதத்தின் சாரம்.

இம்மூன்றும் விளங்கிக்கொள்ளத்தக்கவை, எனினும் மூன்றும் புறத்தார் வகுத்த அளவுகோலை ஏற்றுக்கொண்டே எழுந்தவை. மறைந்துகொள்பவர் தம் வாசிப்பு வெட்கத்துக்குரியது என்ற முடிவை எதிர்க்காது விடுகின்றார். ஒரு சாராரை விலக்குபவர் ஏளனத்தை மறுக்கவில்லை. அதனை அயலவர்மீது திருப்பிவிடுகின்றார். பெருங்கவிஞரைத் துணைக்கழைப்பவரோ, றோணியோ இதழில் ஒரு தாதி தன் நண்பியருக்காக எழுதிய கதை அதனளவில் மதிக்கத்தக்கது என்று கூறத் துணியாதவராகின்றார். வேர்ஜில் பேரரசின் ஆதரவோடு எழுதினார். சிற்றிதழ் எழுத்தாளர் எவருடைய ஆதரவும் இன்றி எழுதினர். அவ்வேறுபாட்டை மறைப்பது வரலாற்றுக்கு உகந்ததன்று.

ஆய்வாளர் வருகை

எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து புறத்தார் சித்திரத்தில் ஒரு மாற்றம் தொடங்கியது. அறிவியற் புனைகதை ஆசிரியையும் பெண்ணிலைவாதியுமான ஜோவானா றஸ் 1985 இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில் ஸ்லாஷ் கதைகளைப் பெண்கள் பெண்களுக்காகவே படைத்த எழுத்தாகக் கொண்டு ஆராய்ந்தார். அவர் தாமும் அவற்றின் வாசகியே. 1986 நவம்பரில் கமில் பேக்கன்-ஸ்மித் நியூயோர்க் ரைம்ஸ் நூல் விமர்சனப் பகுதியில் இப்பெண்களைப் பற்றி எழுதினார். 1992 இல் பல ஆண்டுக் களஆய்வின் பயனாக ஒரு நூல் தந்தார். ஜென்கின்ஸின் நூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் டி சேர்ட்டோ வாசகரைப் பிறர் காட்டிற் புகுந்து வேட்டையாடுவோருக்கு ஒப்பிட்டதைப் பின்பற்றி, கிடைத்ததைக்கொண்டு தமக்கு வேண்டியதை ஆக்கிக்கொள்ளும் செயலாக இரசிகர் வாசிப்பை அவர் விளக்கினார்.

இந்நூல்களை வாசகர் ஒருமனதாக வரவேற்றனர் எனக் கருதுதல் தவறாகும். ஏளனத்துக்குப் பதிலாக அனுதாபம் வந்தபோதும், தம்மை விளக்குபவர் மற்றொருவர் என்ற நிலை மாறவில்லை. இவ்வகையில் ஜென்கின்ஸ் தம்மையும் இரசிகர் என அறிவித்து, கைப்பிரதியை இரசிகர்களிடம் காட்டி, அவர்களது கருத்துகளைப் பெற்றுத் திருத்தியமை ஆய்வு முறையில் முக்கியமான ஒரு படியாகும். அதற்கடுத்த படி 1998 இல் வெளியான ஒரு கட்டுரையிற் காணப்படுகின்றது. ஷோஷானா கிறீன், சிந்தியா ஜென்கின்ஸ், ஹென்றி ஜென்கின்ஸ் ஆகிய மூவரும் தொகுத்த அக்கட்டுரையின் பெரும்பகுதி, ஸ்லாஷ் வாசகியர் தமக்குள் சுற்றுக்கு விட்ட மடல்களிலிருந்து அவர்களின் இசைவுடன் எடுக்கப்பட்டதாகும். தாம் ஏன் இவற்றை வாசிக்கின்றோம் என்பது பற்றியும், பல்கலைக்கழகத்தார் கூறும் விளக்கங்கள் எவ்வளவிற்குப் பொருந்தும் என்பது பற்றியும் அவர்கள் வாதிட்டிருந்தனர். ஒருவர் கூறிய காரணத்தை இன்னொருவர் மறுத்தார். எல்லா வாசகிக்கும் பொதுவான ஒரே உளவியற் காரணம் இருத்தல்வேண்டும் என்ற புறத்தார் நம்பிக்கை அம்மடல்கள் முன் நிற்கவில்லை.

உரிமையாளரும் வாசகரும்

சித்திரம் தீட்டியோருள் பத்திரிகையாளரும் ஆய்வாளரும் மாத்திரமன்றிக் கதைகளின் சட்டபூர்வ உரிமையாளரும் அடங்குவர். அவர்தம் நோக்கு ஒரே தன்மையதன்று. ஸ்டார் ட்ரெக்கைப் படைத்த ஜீன் றொடன்பெரி இரசிகர் எழுத்தை ஊக்குவித்தார். 1976 இல் இரசிகர் கதைகளைத் தொகுத்து பான்ரம் நிறுவனம் நூலாக வெளியிட்டது. மாறாக, 1981 இல் லூக்காஸ்ஃபிலிம் நிறுவனத்தின் சார்பில் இரசிகர் சிற்றிதழ் ஆசிரியர்களுக்கு அனுப்பப்பட்ட கடிதம், குடும்பக் கதை என்ற மதிப்பைக் குலைக்கும் பாலியற் கதைகளை வெளியிடலாகாது என எச்சரித்தது. 2000 ஆம் ஆண்டில் நாவலாசிரியை ஆன் றைஸ் தம் மாந்தரைக்கொண்டு எவரும் எழுதுவதை அனுமதிப்பதில்லை என அறிவித்தார். இச்சித்திரங்களில் வாசகர் சில வேளை விருந்தினராகவும் சில வேளை கள்வராகவும் தோன்றினர்.

2007 இல் தோன்றிய பிரச்சினை இன்னொரு வகையினது. இரசிகர் கதைகளைத் திரட்டி இலாபம் ஈட்டும் நோக்கில் ஃபான்லிப் என்னும் வணிக நிறுவனம் களத்தில் இறங்கியது. ஏளனம் செய்தோர் இக்கதைகளுக்கு மதிப்பில்லை என்றனர். வணிகரோ மதிப்புண்டு, ஆனால் அது தமக்கே உரியதாகலாம் என எண்ணினர். இதற்கு எதிராக வாசகரும் எழுத்தாளரும் ஒன்றுகூடினர். நாவலாசிரியை நேயொமி நோவிக் முதலியோரின் முன்முயற்சியால் அவ்வாண்டிலேயே ஆக்கமாற்றப் படைப்புகளுக்கான அமைப்பு என்னும் இலாபநோக்கற்ற நிறுவனம் உருவாயிற்று. அந்நிறுவனம் நடத்தும் காப்பகம் 2009 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் பெயர் பெண் எழுத்தாளருக்குத் தனக்கென ஓர் அறை வேண்டும் என்று வேர்ஜீனியா வுல்ஃப் 1929 இல் எழுதிய நூலின் தலைப்பை அடியொற்றி அமைந்தது. 2008 முதல் ஓர் ஆய்விதழையும், இரசிகர் வரலாற்றைப் பதியும் கலைக்களஞ்சியம் ஒன்றையும் அவ்வமைப்பு நடத்திவருகின்றது. பழைய சிற்றிதழ்களைப் பேணும் பொருட்டு அயோவாப் பல்கலைக்கழக நூலகத்தோடும் இணைந்து செயற்படுகின்றது. காப்பகத்தில் இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆக்கங்கள் உள்ளன.

இதனையே நான்காவது வகை மறுமொழி எனக் கூறவேண்டும். புறத்தாரின் கூற்றை மறுப்பதோடு நில்லாது, தம்மைப் பற்றிய பதிவைத் தாமே தயாரித்துத் தாமே பேணுதல் அதன் இயல்பாகும்.

தொடரும் பிரச்சினைகள்

நிறுவனம் தோன்றியதும் ஏளனம் ஒழிந்துவிடவில்லை. ஆயின் மறுமொழியின் தன்மை மாறியது. 2009 இல் இரு நரம்பியல் ஆய்வாளர்கள் இரசிகர் புனைகதை வாசகியரின் பாலியல் விருப்பங்கள் பற்றி வினாக்கொத்து ஒன்றை வெளியிட்டபோது, வாசகியர் வெட்கி ஒதுங்கவில்லை. வினாக்கள் எம்முடிவை முன்கூட்டியே கொண்டிருந்தன, ஆய்வொழுக்கக் குழுவின் அனுமதி பெறப்பட்டதா, பங்குகொள்வோரின் தகவல் எவ்வாறு காக்கப்படும் என்று அவர்களே ஆய்வாளர்களை வினாவினர். அவர்களுள் பலர் ஆய்வுமுறைப் பயிற்சி பெற்றவர்கள். ஆராயப்படுவோர் ஆய்வு முறையை ஆராய்ந்தமை இங்கு நிகழ்ந்த மாற்றமாகும்.

2011 இல் வெளியாகி அடுத்த ஆண்டில் உலகப் புகழ்பெற்ற ஃபிஃப்ரி ஷேட்ஸ் நாவல், ருவைலைற் கதைகளை ஒட்டிய இரசிகர் புனைகதையாகத் தொடங்கியது என்ற செய்தி, இத்துறை முழுவதையும் அந்நாவலின் உருவிலே காணும்படி பத்திரிகையாளரைத் தூண்டிற்று. வாசகர் பலரின் மனக்குறையோ வேறு: கொடையாக வழங்கப்பட்ட கதை விலைப்பொருளானது முறையா என்பதே அவர்கள் தமக்குள் விவாதித்த வினா. 2013 டிசம்பரில் லண்டனிலே, ஷெர்லொக் தொலைக்காட்சித் தொடரின் புதிய பகுதி முன்னோட்டமாகக் காட்டப்பட்ட அரங்கில், நிகழ்ச்சியை நடத்திய பத்திரிகையாளர் இரசிகர் கதை ஒன்றை முன்னணி நடிகர் இருவரையும் உரக்க வாசிக்கச் செய்தார். கதையை எழுதியவரின் இசைவு பெறப்படவில்லை. நகைச்சுவைக்காகச் செய்யப்பட்ட அச்செயலை வாசகர் வன்மையாகக் கண்டித்தனர். கதை மோசமானதா நல்லதா என்பது அவர்களின் வாதமன்று. தம்மவர்க்கென எழுதியதை அதற்குரிய சூழலிலிருந்து பிரித்தெடுத்து, அதன் ஆசிரியரை அவையில் நகைப்புக்கு ஆளாக்குவது நீதியா என்பதே வாதம்.

2019 இல் டப்ளின் நகரில் இக்காப்பகத்துக்கு அறிவியற் புனைகதை உலகின் பெருமைமிகு ஹியூகோ விருது வழங்கப்பட்டது. ஏளனத்தின் வரலாறு இத்தோடு இனிது முடிவுற்றது என்று கூற இடமில்லை. விருது தமக்கும் உரியதென மகிழ்ந்த எழுத்தாளர்களுக்கும், அது காப்பகத்துக்கு மாத்திரமே உரியதென்ற விருதுக் கழகத்துக்கும் இடையே சர்ச்சை மூண்டது. மேலும், அக நிறுவனமும் தனக்கென ஒரு புறத்தை உண்டாக்கக்கூடும். வெள்ளையரல்லாத வாசகர், இக்கதைகளிலும் அவற்றைச் சூழ்ந்த உரையாடலிலும் காணப்படும் இனவாதத்தை நெடுங்காலமாகச் சுட்டிவந்தனர். 2020 இல் அமைப்பு இதுபற்றி வாக்குறுதி அளித்தது. அது நிறைவேறவில்லை என 2023 இல் வாசகரே மீண்டும் இயக்கம் நடத்தினர். தம்மைத் தாமே சித்திரிக்கும் உரிமையைப் பெற்ற கூட்டம், தன்னுள்ளே யாருடைய குரல் கேட்கப்படவில்லை என்ற வினாவையும் எதிர்நோக்கவேண்டியதாயிற்று.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிவுகள் பெறப்படும். இரசிகர் புனைகதை பற்றிய புறத்தார் சித்திரம் பெரும்பாலும் எழுத்தைப் பற்றியதன்று. எழுத்தை விரும்பியவரைப் பற்றியது. கதையை வாசித்து அதன் குறைநிறை கூறியவர் சிலர். வாசியாமலே வாசகரின் உடலையும் வயதையும் மணவாழ்வையும் பற்றிக் கூறியவர் பலர். ஒக்ஸ்போர்ட் அறிஞரின் விளையாட்டாக இருந்தபோது மதிப்புப் பெற்ற செயல், பெண்களின் பொழுதுபோக்காக வளர்ந்தபோது நோயாகக் காட்டப்பட்டது. இது தற்செயலன்று, ஓய்வு நேரம் யாருக்கு உரியது, கற்பனை செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்பன பற்றிய சமூக மதிப்பீடுகளின் வெளிப்பாடாகும்.

மறைதல், விலக்கல், முன்னோரைக் காட்டல் ஆகிய மறுமொழிகள் அவ்வக்காலத்துக் காயத்தை ஆற்றின. ஏளனத்தின் அடிப்படையை அசைக்கவில்லை. தம் வாசிப்புக்குத் தாமே சாட்சி கூறுதல் என்ற நான்காவது மறுமொழியே நிலைத்த பயன் தந்தது. நாளை இவ்வாசகர் பற்றி எழுதப்புகும் வரலாற்றாசிரியர் நியூஸ்வீக் கட்டுரையை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. சிற்றிதழ்களும் கடிதங்களும் வாசகியரின் விவாதங்களும் அவர்முன் இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் நாவல் வாசகியருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அவர்களுட் பெரும்பாலோர் தம்மைக் கண்டித்தோரின் எழுத்திலேதான் இன்று எஞ்சி நிற்கின்றனர். ஒரு கூட்டம் தனது கடிதங்களைக் கழித்தெறியாது சேர்த்துவைப்பது சிறுசெயல் போலத் தோன்றினும், பிறர் எழுதிய சித்திரத்துக்கு எதிராக அது விட்டுச்செல்லும் சான்று அதுவேயாகும்.